ஆளுக்கு அடிபட்டால் பொறுப்பு யாருக்கு?
தொழிலாளர் நஷ்டஈடும் இன்சூரன்சும் – சிறு வணிகர்களுக்கு ஒரு சட்டப் பாடம்

நம் கடைகளில் சரக்குக்குத் தீ இன்சூரன்ஸ் உண்டு. வங்கியில் கடன் வாங்கியிருந்தால் வங்கியே வற்புறுத்தி எடுக்க வைத்துவிடுகிறது. வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லாமல் சாலையில் ஓட்ட முடியாது என்பதால் அதுவும் உண்டு. கல்லாவில் இருக்கும் பணத்துக்கும் திருட்டுக்கும் பாலிசி எடுத்திருப்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சரக்கை லாரியிலிருந்து இறக்குகிறவர், ஏணியில் ஏறி மேல்தட்டிலிருந்து டின்னை எடுத்துத் தருகிறவர், பைக்கில் வசூலுக்குப் போகிறவர் ஆகியோருக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டால், "நம்ம பையன்தானே, ஏதாவது ஒன்று என்றால் நாம் பார்த்துக்கொள்ள மாட்டோமா?" என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது.

இந்த மனம் நல்ல மனம்தான். குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால், "பார்த்துக்கொள்வது" என்பதற்குச் சட்டத்தில் ஒரு தொகையும் ஒரு முறையும் இருக்கின்றன. அந்த முறைப்படி கொடுக்காத பணம், எவ்வளவு நல்ல மனதோடு கொடுத்ததானாலும், பின்னால் கணக்கில் வராமல் போகலாம். இதை நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பாடம்.

சட்டம் எது?

வேலையின்போது தொழிலாளிக்கு விபத்து நேர்ந்தால் முதலாளி நஷ்டஈடு தர வேண்டும் என்ற சட்டம் நம் நாட்டில் 1923ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் என்பது அதன் பழைய பெயர். 2009ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 'ஊழியர் நஷ்டஈட்டுச் சட்டம்' என்று பெயர் மாறியது. இப்போது இந்தச் சட்டமும் இ.எஸ்.ஐ. சட்டமும் வேறு சில சட்டங்களும் சேர்ந்து 'சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020' என்ற ஒரே சட்டமாகியுள்ளன. இது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அந்த நாளுக்கு முன் நடந்த விபத்துகளுக்குப் பழைய சட்டப்படி எழுந்த பொறுப்பு அப்படியே தொடரும்.

பெயர் மாறினாலும் அடிப்படை மாறவில்லை. முதலாளி மீது தவறு இருக்கிறதா என்று இந்தச் சட்டம் கேட்பதில்லை. வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் விபத்து நடந்ததா என்பது ஒன்றே கேள்வி. "அவன் கவனக்குறைவாக இருந்தான்", "நான் சொல்லியும் கேட்கவில்லை" என்று சொல்லித் தப்ப முடியாது. குடித்திருந்தது, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றியது ஆகிய மூன்று காரணங்களைச் சட்டம் ஏற்கிறது. அவையும் சிறு காயங்களுக்கும் பகுதி ஊனத்துக்கும் மட்டுமே பொருந்தும். மரணமோ முழு நிரந்தர ஊனமோ ஏற்பட்டுவிட்டால் இந்தக் காரணங்களும் முதலாளிக்கு உதவா.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். இந்தச் சட்டம் முதலாளியை இன்சூரன்ஸ் எடுக்கக் கட்டாயப்படுத்தவில்லை. பணம் கொடுப்பதைத்தான் கட்டாயப்படுத்துகிறது. பாலிசி இருந்தால் கம்பெனி கொடுக்கும். இல்லாவிட்டால் கடை கொடுக்க வேண்டும், கடையில் இல்லாவிட்டால் வீடு வாசல் கொடுக்க வேண்டும்.

யார் யார் இதில் வருவார்கள்?

சட்டத்தில் வேலைகளின் பட்டியல் ஒன்று உண்டு. நம் தொழிலுக்கு நேரடியாகப் பொருந்துபவை இவை: கிடங்கிலோ சரக்கு வைக்கும் வேறு இடத்திலோ சந்தையிலோ சரக்கைக் கையாளுபவர்கள், இயந்திர வாகனம் சம்பந்தமான வேலையில் இருப்பவர்கள். ஆகவே மண்டி, குடோன், மொத்த வியாபாரம் வைத்திருப்பவர்கள் இதற்கு வெளியே இருப்பதாக நினைக்க வேண்டாம்.

"அவன் தினக்கூலி, நிரந்தர ஆள் இல்லை" என்பதும் பயன் தராது. தற்காலிகத் தொழிலாளர்களுக்குப் பழைய சட்டத்தில் இருந்த விலக்கு 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது. தீபாவளிக்கு முன் பத்து நாளைக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் ஆளும் இதில் சேருவார்.

"லோடுமேன் எங்கள் ஆள் அல்ல, மேஸ்திரி அழைத்து வந்த ஆள்" என்பது அடுத்த வாதம். நம் வியாபாரத்தில் வழக்கமாக நடக்கும் வேலையை ஒப்பந்தக்காரர் மூலம், நம் இடத்தில் வைத்துச் செய்துகொண்டால், ஒப்பந்தக்காரரின் ஆளுக்கு நேரும் விபத்துக்கும் தொழிலாளி நம்மையே கேட்கலாம். நாம் கொடுத்துவிட்டு ஒப்பந்தக்காரரிடம் திரும்பப் பெறலாம் என்று சட்டம் சொல்கிறது. மேஸ்திரியிடம் அவ்வளவு தொகை இருக்குமா என்பதை நாமே யோசித்துக்கொள்ளலாம். சரக்கு ஏற்றி இறக்குவது நம் தொழிலின் அன்றாடப் பகுதி என்பதால் இந்த விதி நமக்கு மிக முக்கியம்.

நம் உறுப்பினர்களில் கமிஷன் ஏஜென்சி, வரி ஆலோசனை, கணக்கு எழுதுதல் என்று நாலைந்து பேரை வைத்து அலுவலகம் நடத்துபவர்களும் உண்டு. "எங்கள் ஆபீசில் மேஜையும் கம்ப்யூட்டரும்தான், விபத்துக்கு ஏது இடம்?" என்று அவர்கள் கேட்கலாம். குமாஸ்தா வேலை செய்பவர்களுக்கு முன்பு இருந்த விலக்கை 2009 திருத்தம் எடுத்துவிட்டது. ஆனாலும் மேஜை வேலை மட்டுமே உள்ள அலுவலகத்தின் ஊழியர் பட்டியலில் வருவாரா என்ற சர்ச்சை எழ வாய்ப்புண்டு. ஆனால் அதே அலுவலகத்து ஆள் வாடிக்கையாளர் கடைக்கு ஸ்டாக் எடுக்கவும், வரி அலுவலகத்துக்குக் காகிதம் கொடுக்கவும் பைக்கில்தான் போகிறார். பட்டியலில் வந்தாலும் வராவிட்டாலும், முதலாளியின் அஜாக்கிரதை என்று சொல்லிச் சிவில் கோர்ட்டில் வழக்குப் போடும் வழி திறந்தே இருக்கிறது. பட்டியலில் வராத ஊழியர்களுக்கான முதலாளி பொறுப்பையும் சேர்த்துப் பாலிசி எடுக்க முடியும். மேஜை வேலைக்குப் பிரீமிய விகிதம் மூட்டை தூக்கும் வேலையைவிடக் குறைவு.

எது வேலையின்போது நடந்த விபத்து?

கடைக்குள் நடந்தால் சந்தேகமில்லை. சரக்கோடு வண்டியில் போகும்போதும், வசூலுக்குப் போன இடத்திலும் நடந்தால் அதுவும் வேலைதான். வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் நடந்தால்? இதில் நீண்ட காலம் மாறுபட்ட தீர்ப்புகள் இருந்தன. மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலையின் இரவுக் காவலாளி 2003ஆம் ஆண்டு விடியற்காலை வேலைக்கு மோட்டார் சைக்கிளில் வரும் வழியில், ஆலைக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் விபத்தில் இறந்தார். உயர் நீதிமன்றம் குடும்பத்துக்கு நஷ்டஈடு இல்லை என்றது. உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் அதை மாற்றி, வேலைக்கு வரும் பயணத்துக்கும் வேலைக்கும் நேரம், இடம், சூழ்நிலை ஆகியவற்றால் தொடர்பு இருந்தால் அது வேலையின்போது நடந்த விபத்தே என்று தீர்ப்பளித்தது. புதிய சட்டத் தொகுப்பிலும் வேலைக்கு வரும், வேலை முடிந்து வீடு திரும்பும் பயணம் இதே நிபந்தனையோடு எழுத்திலேயே சேர்க்கப்பட்டுள்ளது. இரவு பத்து மணிக்குக் கடை அடைத்துவிட்டு ஆட்களை வீட்டுக்கு அனுப்பும் நாம் இதைக் கவனிக்க வேண்டும்.

அதேசமயம், வேலை நேரத்தில் நடந்தது எல்லாம் நஷ்டஈட்டுக்கு உரியது ஆகிவிடாது. ஒரு வாகனத்தின் கிளீனர் மாரடைப்பால் இறந்த வழக்கில், வேலையின் சிரமத்தால்தான் மாரடைப்பு வந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006ஆம் ஆண்டு சொன்னது. வேலைக்கும் விபத்துக்கும் உள்ள தொடர்பு நிரூபிக்கப்பட வேண்டும்.

தொகை எவ்வளவு?

இதுதான் பலர் அறியாத இடம். "ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ கொடுத்துவிடலாம்" என்று நினைப்பவர்கள் கீழ்க்கண்ட கணக்கைப் பார்க்க வேண்டும்.

மரணம் என்றால், மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கு உரிய ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். முழு நிரந்தர ஊனம் என்றால் சம்பளத்தில் 60 சதவீதத்தைப் பெருக்க வேண்டும். வயது குறையக் குறைய எண் கூடும். 20 வயதுக்கு 224.00, 30 வயதுக்கு 207.98, 40 வயதுக்கு 184.17, 50 வயதுக்கு 153.09, 60 வயதுக்கு 117.41. கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் மாதச் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2020 ஜனவரி 3 அறிவிப்பின்படி அது ரூ.15,000. அதற்கு முன்பு ரூ.8,000 ஆக இருந்தது. உச்சவரம்பை அரசு அறிவிப்பின் மூலம் உயர்த்தலாம் என்பதால், ஒவ்வொரு ஆண்டும் பாலிசி புதுப்பிக்கும்போது அன்றைய வரம்பைக் கேட்டுக்கொள்வது நல்லது.

உதாரணம் 1: 30 வயது லோடுமேன், மாதச் சம்பளம் ரூ.14,000. குடோனில் அடுக்கு சரிந்து இறந்துவிடுகிறார். பாதிச் சம்பளம் ரூ.7,000. அதை 207.98 ஆல் பெருக்கினால் ரூ.14,55,860.

உதாரணம் 2: அதே வயதில் சம்பளம் ரூ.22,000 என்றால், உச்சவரம்பு ரூ.15,000 என்றே கொள்ள வேண்டும். பாதி ரூ.7,500. நஷ்டஈடு ரூ.15,59,850.

உதாரணம் 3: 40 வயது ஊழியர், சம்பளம் ரூ.12,000. இயந்திரத்தில் கை சிக்கிக் கட்டைவிரல் போய்விடுகிறது. முழு ஊனத்துக்கான தொகை ரூ.7,200 பெருக்கல் 184.17, அதாவது ரூ.13,26,024. கட்டைவிரல் இழப்புக்குச் சட்டப் பட்டியலில் 30 சதவீதம். ஆகவே ரூ.3,97,807. ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14 சதவீதம். ஒரு கண் போய் மறு கண் நன்றாக இருந்தால் 40 சதவீதம்.

பட்டியலில் உள்ள சதவீதம்தான் முடிவு என்றும் எண்ண வேண்டாம். 1968ஆம் ஆண்டு ஒரு சினிமா தியேட்டரில் வேலை செய்த தச்சர் ஒருவர் விழுந்து இடது கையை இழந்தார். பட்டியலின்படி அது பகுதி ஊனமே. ஆனால் ஒரு கையோடு தச்சு வேலை செய்ய முடியாது, அவரைப் பொறுத்தவரை அது முழு ஊனம் என்று ஆணையர் முடிவு செய்ததை 1975ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஏற்றது. மூட்டை தூக்கி வாழ்கிறவருக்கு முதுகெலும்பில் அடிபட்டாலும் இதே நியாயம் பொருந்தும். விபத்து நடந்த அன்றே முதலாளியின் பொறுப்பு தொடங்கிவிடுகிறது என்பதும் அதே தீர்ப்பில் சொல்லப்பட்டது.

குணமாகக்கூடிய காயம் என்றால், வேலைக்கு வர முடியாத காலத்துக்கு அரை மாதத்துக்கு ஒரு முறை மாதச் சம்பளத்தில் 25 சதவீதம் தர வேண்டும். ரூ.12,000 சம்பளக்காரருக்கு அரை மாதத்துக்கு ரூ.3,000. முதல் மூன்று நாளுக்குக் கிடையாது. ஓய்வு 28 நாளோ அதற்கு மேலோ நீடித்தால் முதல் நாளிலிருந்தே கணக்கிட வேண்டும். அதிகபட்சம் ஐந்து ஆண்டு. இவற்றோடு, காயத்துக்கான மருத்துவச் செலவையும் முதலாளியே ஏற்க வேண்டும் என்ற விதி 2009 திருத்தத்தில் வந்தது.

கையில் கொடுத்த பணம்

இப்போது நம் ஊர்களில் வழக்கமாக நடப்பதைப் பார்ப்போம். ஆள் இறந்துவிட்டார். முதலாளி ஓடிப் போய் நிற்கிறார். ஆஸ்பத்திரிச் செலவு, காரியச் செலவு எல்லாம் ஏற்கிறார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் உட்கார்ந்து பேசி, மூன்று லட்சமோ நான்கு லட்சமோ என்று முடிவு செய்கிறார்கள். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய காகிதத்தில், "இனி எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று அந்த அம்மாளிடம் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். எல்லோரும் மனநிறைவோடு எழுந்து போகிறார்கள்.

சட்டத்தின் பார்வையில் இதில் எதுவுமே நடக்கவில்லை. மரணத்துக்கான நஷ்டஈட்டைச் சட்டப்படி உரிய அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் உயர் அதிகாரிகள் இந்தப் பொறுப்பை வகித்து வந்திருக்கிறார்கள். குடும்பத்திடம் நேரே கொடுத்த பணம் நஷ்டஈடு கொடுத்ததாகவே கருதப்படாது. இறந்தவரின் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேற்படாமல் முன்பணமாகக் கொடுத்ததை மட்டும் கழித்துக்கொள்ள இடமுண்டு. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய காகிதமும் செல்லாது. இரண்டு ஆண்டுக்குள் அந்தக் குடும்பம் மனுப் போட்டால் முழுத் தொகைக்கும் நாம் பதில் சொல்ல வேண்டும்.

காயத்துக்கு மொத்தத் தொகை பேசி முடிப்பதானாலும் ஒப்பந்தத்தை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். பதியாமல் விட்டால் முழு நஷ்டஈட்டுக்கும் முதலாளி பொறுப்பாவார் என்றும், கொடுத்த பணத்தில் சாதாரணமாகப் பாதிக்கு மேல் கழித்துக்கொள்ள முடியாது என்றும் 1923 சட்டத்திலேயே விதி இருந்தது.

இந்த விதி முதலாளிக்குக் கொடுமை என்று சிலர் சொல்லக்கூடும். இதன் காரணத்தை நாம் புரிந்துகொள்ள வேண்டும். கணவன் இறந்து பதினாறு நாள் ஆன பெண்ணின் கையில் ரொக்கமாகப் பணம் வந்தால், கடன்காரனும் வருவான், பங்காளியும் வருவான். ஒரு வருஷத்தில் பணம் போன இடம் தெரியாது. அதிகாரியிடம் கட்டினால் மனைவிக்கு எவ்வளவு, பிள்ளைகளுக்கு எவ்வளவு, வயதான தாய்க்கு எவ்வளவு என்று அவர் பிரிப்பார். சிறு பிள்ளைகளின் பங்கை வங்கியில் போட்டு வைக்க உத்தரவிடுவார். அந்தப் பணத்தை எந்தக் கடன்காரனும் ஜப்தி செய்ய முடியாது. நம்மிடம் பத்து வருஷம் உழைத்தவரின் பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று நாமும்தானே நினைக்கிறோம்? அதற்கு இதுவே சரியான வழி.

தாமதத்தின் விலை

விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் நஷ்டஈடு கட்டாவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீதம் சாதா வட்டி சேரும். தக்க காரணமின்றித் தாமதித்தால் தொகையில் 50 சதவீதம் வரை அபராதமும் விதிக்கலாம். மேலே சொன்ன முதல் உதாரணத்தில் வழக்கு மூன்று ஆண்டு நடந்து, முழு அபராதமும் விழுந்தால் கணக்கு இப்படி:

அசல் ரூ.14,55,860
மூன்று ஆண்டு வட்டி ரூ.5,24,110
அபராதம் ரூ.7,27,930
மொத்தம் ரூ.27,07,900

மேல்முறையீட்டுக்கு உயர் நீதிமன்றம் போக வேண்டுமானாலும் விதித்த தொகையை முதலில் கட்டிவிட்டுத்தான் போக முடியும். ஒரு நடுத்தர மண்டியின் கைமுதலே கரைந்துபோகும் தொகை இது.

பாலிசி இருந்தாலும் அபராதத்தை இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்காது. அது முதலாளி செய்த தாமதத்துக்கான தண்டனை என்று உச்ச நீதிமன்றம் 1997ஆம் ஆண்டு ஒரு வாகன இன்சூரன்ஸ் வழக்கில் தெளிவாக்கியது. அந்த வழக்கில் வட்டியைக் கம்பெனியே கட்ட வேண்டும் என்றது. ஆனால் வாகனம் சம்பந்தப்படாத தொழிலாளர் நஷ்டஈட்டுப் பாலிசியில், வட்டிக்குத் தான் பொறுப்பல்ல என்று கம்பெனி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று 2006ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. ஆகவே பாலிசியில் வட்டி சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

இ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் இ.எஸ்.ஐ.யில் சேர வேண்டும். இ.எஸ்.ஐ.யில் உள்ள தொழிலாளிக்கு விபத்து நேர்ந்தால் உதவித்தொகையை அந்தக் கழகமே தரும். அவர் முதலாளியிடம் தனியாக இந்த நஷ்டஈட்டைக் கேட்க முடியாது. 2019 ஜூலை 1 முதல் முதலாளி பங்கு சம்பளத்தில் 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம் என்று குறைக்கப்பட்டது.

இங்கே இரண்டு ஓட்டைகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, 2017 ஜனவரி முதல் இ.எஸ்.ஐ. சம்பள வரம்பு ரூ.21,000 ஆக வைக்கப்பட்டது. வரம்புக்கு மேல் வாங்கும் மேனேஜரும் டிரைவரும் இ.எஸ்.ஐ.க்கு வெளியே நிற்பார்கள். அவர்களுக்கான பொறுப்பு நம் தலையில்தான். இரண்டாவது, பதினைந்து பேரை வைத்துக்கொண்டு எட்டுப் பேருக்கு மட்டும் கட்டுவது. பெயர் சேர்க்காத ஆளுக்கு விபத்து நேர்ந்தால், கழகம் அவருக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதன் முழு மதிப்பையும் முதலாளியிடம் வசூலிக்க அதிகாரம் உண்டு. மாதம் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் லட்சக்கணக்கில் கட்டுவது வியாபாரம் ஆகாது.

பாலிசி எடுக்கும்போது

பத்துப் பேருக்குக் குறைந்த கடைகளுக்கும், இ.எஸ்.ஐ. வரம்புக்கு மேற்பட்ட ஊழியர்களுக்கும் ஏற்றது ஊழியர் நஷ்டஈட்டுப் பாலிசி. ஆளைப் பெயர் குறிப்பிட்டும் எடுக்கலாம், வேலை வகை, எண்ணிக்கை, ஆண்டு மொத்தச் சம்பளம் என்ற அளவிலும் எடுக்கலாம். வேலையின் அபாயத்தையும் ஆண்டுச் சம்பளத்தையும் வைத்துப் பிரீமியம் போடுவார்கள். கடைக்காரர் பாலிசி என்று பல அபாயங்களைச் சேர்த்துத் தரும் பாலிசியிலும் இதற்கு ஒரு பிரிவு இருப்பதுண்டு. ஆனால் அந்தப் பிரிவைத் தேர்ந்தெடுத்துப் பிரீமியம் கட்டினால்தான் காப்பு. கீழ்க்கண்டவற்றை ஏஜெண்டிடம் கேட்டு எழுத்தில் பெற வேண்டும்.

1. எல்லா ஆட்களும், எல்லா இடங்களும் காட்டப்பட்டுள்ளனவா? கடை முகவரியை மட்டும் எழுதிவிட்டு, புறநகரில் உள்ள குடோனை விட்டுவிட்டால் குடோன் விபத்துக்குத் தகராறு வரும்.

2. மேஸ்திரியின் ஆட்கள் சேர்ந்திருக்கிறார்களா? தனியாகச் சொன்னாலொழிய ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பாலிசி சேர்ப்பதில்லை.

3. மருத்துவச் செலவு எவ்வளவு வரை? இது பல பாலிசிகளில் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டியது.

4. சம்பளம் உள்ளபடி காட்டப்பட்டுள்ளதா? பிரீமியத்தைக் குறைக்க ரூ.14,000 சம்பளத்தை ரூ.7,000 என்று காட்டினால், விபத்து நடந்த அன்று அதிகாரி ரூ.14,000க்குத் தீர்ப்பு எழுதுவார். கம்பெனி ரூ.7,000ஐக் காட்டித் தகராறு செய்யும். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து மீதியை அலவன்ஸ் என்று பிரிப்பதும் இனிப் பயன் தராது. விலக்கப்பட்ட அலவன்சுகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், மேற்பட்ட தொகை சம்பளமாகவே கருதப்படும் என்று புதிய சட்டத் தொகுப்பு சொல்கிறது.

5. வாகனப் பாலிசியில் டிரைவர், கிளீனர் பொறுப்பு எத்தனை பேருக்குச் சேர்ந்துள்ளது? வண்டியில் ஏறும் ஆட்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

விபத்துக் காப்பீட்டையும் (தனிநபர் ஆக்சிடெண்ட் பாலிசி) இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆண்டுக்கு ரூ.20 கட்டினால் ரூ.2 லட்சம் கிடைக்கும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டம் போன்றவை தொழிலாளிக்கு நல்லவை. வங்கிக் கணக்குள்ள ஒவ்வொருவரையும் அதில் சேர்த்துவிட வேண்டும் என்றே நாம் சொல்வோம். ஆனால் அந்த இரண்டு லட்சம் தொழிலாளிக்கு உரிய தனிப் பணம். முதலாளி கட்ட வேண்டிய பதினான்கு லட்சத்தில் ஒரு ரூபாயையும் அது குறைக்காது.

விபத்து நடந்த அன்று

முதலில் ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். மற்றதெல்லாம் பிறகு. கொண்டு போனபின், அன்றே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்து மூலம் தகவல் கொடுத்து நகல் வைத்துக்கொள்ள வேண்டும். மரணமோ பலத்த காயமோ என்றால் போலீசிலும் புகார் பதிய வேண்டும். நடந்த இடம், நேரம், கூட இருந்தவர்கள் பெயர் ஆகியவற்றை அன்றே குறித்து வைக்க வேண்டும். ஆஸ்பத்திரி ரசீதுகளைத் தனிக் கோப்பில் சேர்க்க வேண்டும். "நாங்கள் எல்லாம் கொடுத்துவிடுகிறோம்" என்று கம்பெனியைக் கேட்காமல் எழுதிக் கொடுக்கக் கூடாது. அதைக் காட்டிக் கம்பெனி விலகிக்கொள்ள இடமுண்டு. ஏற்க வேண்டிய தொகை என்பது தெரிந்தால் வழக்கு வரும் வரை காத்திராமல் அதிகாரியிடம் கட்டிவிடுவது வட்டியையும் அபராதத்தையும் தடுக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை, ஆள் பதிவேடும் சம்பளப் பதிவேடும். வயதுச் சான்று, ஆதார் நகல், வேலையில் சேர்ந்த தேதி, மாதச் சம்பளம், வாங்கியதற்குக் கையெழுத்து ஆகியவை இருக்க வேண்டும். வயதில் பத்து ஆண்டு கூடினாலும் குறைந்தாலும் தொகை லட்சக்கணக்கில் மாறுவதை மேலே பார்த்தோம். வேலைக்குச் சேர்க்கும்போதே நஷ்டஈடு பெறும் உரிமை உண்டு என்பதைத் தொழிலாளிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2017 திருத்தம் முதலாளியின் கடமையாக்கியது. இதையும் பதிவேட்டோடு சேர்த்துச் செய்துவிடலாம்.

சரக்கு நஷ்டமானால் அடுத்த பருவத்தில் ஈடு செய்துவிடலாம். ஆள் போனால் அந்தக் குடும்பத்துக்கு அடுத்த பருவம் இல்லை. இந்த வாரம் கடை அடைத்தபின் ஒரு மணி நேரம் ஒதுக்கி, நம்மிடம் வேலை செய்கிறவர்கள் அத்தனை பேரின் பெயர், வயது, சம்பளம், வேலை, வேலை செய்யும் இடம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுவோம். இ.எஸ்.ஐ.யில் இருப்பவர் பெயருக்கு எதிரே அதைக் குறிப்போம். மிச்சம் இருப்பவர்கள்தான் பாலிசிக்கு உரியவர்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போவோம்.